தோற்க முடியாத போட்டி

நீளமான பதிவு. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் படிக்க உட்காராதீர்கள்.

ஒரு வாரமாக இரண்டு வாட்ஸ்அப் குழுக்களில் என்மேல் கோபமாக இருக்கிறார்கள். "டீச்சருக்கு வளரும் கவிஞர்களைப் பிடிக்காது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். "பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் இருப்பவர்களுக்கு எங்கள் கஷ்டம் தெரியாது" என்று இன்னொருவர். அவருக்கு ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவள் நான்தான். இருக்கட்டும். அரைகுறையாகக் கேட்டுவிட்டு ஆளாளுக்குப் பேசுவதைவிட, நான் என்ன சொன்னேன், ஏன் சொன்னேன் என்பதை முழுசாக இங்கே எழுதிவிடுகிறேன். என்னிடம் படித்த பிள்ளைகளில் கவிதை எழுதுகிறவர்கள் இருபது பேராவது இதைப் படிப்பீர்கள். சொந்தக்காரர்களில் மூன்று பேர். கொழுந்தனார் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நான் சொன்னது இவ்வளவுதான்: கவிதையை அச்சில் பார்க்க வேண்டும் என்பதற்காகக் காசு கட்டும் கவிதைப் போட்டிகளுக்கு அனுப்பாதீர்கள். அது போட்டியே கிடையாது. அது ஒரு கடை. அந்தக் கடையில் விற்கிற பொருள் உங்கள் பெயர், வாங்குகிற ஆளும் நீங்கள்.

இதை எப்போது சொல்ல வேண்டி வந்தது என்றால், போன மாதம் ஒரு குழுவிலிருந்து போன் வந்தது. "அம்மா, மாநில அளவிலான கவிதைப் போட்டி நடத்துகிறோம், நீங்கள் நடுவராக இருக்க வேண்டும்" என்றார் ஒரு தம்பி. மரியாதையான பிள்ளை, குறை சொல்வதற்கில்லை. எத்தனை கவிதை வந்திருக்கிறது என்று கேட்டேன். 210 என்றார். பரிசு எத்தனை? "எல்லாருக்கும் சான்றிதழ் உண்டும்மா. முதல் பரிசு மட்டும் பன்னிரண்டு பேருக்கு."

"முதல் பரிசே பன்னிரண்டா?"

"யாரும் மனசு வருத்தப்படக் கூடாது பாருங்க."

சரி, 210 கவிதையையும் எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்க்கப் பத்து நாளாவது வேண்டும் என்றேன். அந்தத் தம்பி தயங்கினார். "நீங்க சிரமப்பட வேண்டாம்மா. லிஸ்ட் ரெடியா இருக்கு. உங்க போட்டோவும், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்னு பேரும் மட்டும் போதும்."

முப்பத்து நான்கு வருடம் விடைத்தாள் திருத்தியவள் நான். படிக்காமல் மதிப்பெண் போடு என்று எந்த அதிகாரியும் என்னிடம் சொன்னதில்லை. முடியாது என்று சொன்னேன். அதைக் குழுவிலும் எழுதினேன். அதிலிருந்துதான் இந்தச் சண்டை.

இப்போது கணக்குக்கு வருவோம். கணக்கு என்றால் என் பிள்ளைகள் பலருக்கு இன்னமும் வயிற்றைக் கலக்கும். ஆனால் இது வெறும் பெருக்கல் கழித்தல்தான்.

பதிவுக் கட்டணம் ஆளுக்கு 400 ரூபாய். 210 பேர். மொத்தம் 84,000. தேர்வான கவிதைகள் எல்லாம் (எல்லாமே தேர்வானவைதான்) ஒரு தொகுப்பு நூலாக வரும், ஆளுக்கு ஒரு பக்கம், ஆளுக்கு ஒரு பிரதி. அச்சகம் வைத்திருக்கும் என் பழைய மாணவனிடம் கேட்டேன். டெம்மி அளவில் 224 பக்கம், 225 பிரதி என்றால் பிரதிக்கு 130 ரூபாய் ஆகும் டீச்சர் என்றான். 29,250 ரூபாய். மீதி 54,750. கூரியர் செலவு கவிஞர் தலையில் தனி. விழா மேடையில் ஏறிப் பொன்னாடையும் கேடயமும் வாங்க வேண்டுமென்றால் இன்னும் 1,000 கட்ட வேண்டும், இல்லையென்றால் பி.டி.எஃப். சான்றிதழ் போனுக்கு வரும். அம்மாவுக்கு ஒன்று, மாமியார் வீட்டுக்கு ஒன்று என்று ஆளுக்கு இரண்டு பிரதி கூடுதலாக வாங்கினால், 'கவிஞர்களுக்கான சலுகை விலை' 250 வீதம் இன்னொரு 1,05,000.

இந்தப் புத்தகத்தை வெளியாள் ஒருவர்கூட வாங்க வேண்டாம். கடைக்கே போக வேண்டாம். எழுதியவர்களே காசு கட்டி, எழுதியவர்களே விலைக்கு வாங்கி, அவரவர் பக்கத்தை மட்டும் திறந்து பார்த்து, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு அலமாரியில் வைத்துவிடுவார்கள். மற்ற 209 பக்கங்களைப் படித்தேன் என்று ஒருவர் சொல்லட்டும், நான் அவருக்குக் கேடயம் தருகிறேன்.

லாபம் சம்பாதிப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. மளிகைக்கடைக்காரர் சம்பாதிக்கிறார், யாரும் திட்டுவதில்லை. ஆனால் அவர் ஒரு கிலோ துவரம்பருப்பு வாங்கினவருக்கு 'பருப்புச் செம்மல்' பட்டம் தருவதில்லை.

போட்டி என்ற சொல்லுக்கு நம் ஊரில் ஒரு மரியாதை இருந்தது. திருவிளையாடல் கதை உங்கள் எல்லாருக்கும் தெரியும். படத்தில் நாகேஷ் புலம்பியதுதான் முதலில் ஞாபகம் வரும், பரவாயில்லை. பாண்டியன் தன் சந்தேகத்தைத் தீர்க்கும் பாட்டுக்கு ஆயிரம் பொன் என்று அறிவிக்கிறான். ஏழைத் தருமி பாட்டைக் கொண்டுபோகிறான். அவனிடம் யாராவது பதிவுக் கட்டணம் கேட்டார்களா? ஜிபே நம்பர் கொடுத்தார்களா? கேட்கவில்லை. ஆனால் அங்கே நக்கீரர் உட்கார்ந்திருந்தார். பாட்டில் குற்றம் இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொன்னார். எழுதிக் கொடுத்தவர் இறைவனே என்று தெரிந்த பிறகும் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. அந்தப் பாட்டு குறுந்தொகையில் இரண்டாவது பாட்டாக இன்றைக்கும் இருக்கிறது. கதை நடந்ததா இல்லையா என்பது வேறு விஷயம். இப்படி ஒரு கதையைச் சொல்லிச் சொல்லி வளர்ந்த சமூகம், பரிசு என்றால் மறுக்கவும் ஒரு ஆள் வேண்டும் என்று நினைத்திருக்கிறது. இன்றைக்கு வாரம் ஒரு போட்டி நடக்கிறது. நக்கீரர் நாற்காலியில் யாரும் இல்லை, போட்டோ மட்டும் மாட்டியிருக்கிறது.

இதைவிடப் பொருத்தமாக ஒன்று புறநானூற்றில் இருக்கிறது, 208ஆம் பாட்டு. பெருஞ்சித்திரனார் என்ற புலவர் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பார்க்க மலையும் குன்றும் தாண்டி வருகிறார். அரசன் அவரை நேரில் பார்க்காமலே, இந்தா இதை வாங்கிக்கொண்டு போகச் சொல் என்று பரிசிலைக் கொடுத்தனுப்புகிறான். புலவர் வாங்கவில்லை. என்னைக் காணாமல், என் தகுதி என்ன என்று அறியாமல் கொடுக்கிற பொருளை வாங்கிப்போக நான் வியாபாரி இல்லை, என் புலமையை அளந்து பார்த்துத் தினையளவு கொடுத்தாலும் அது எனக்கு இனிது என்கிறார். அந்தப் புலவருக்குக் கையில் காசில்லை. வீட்டில் வறுமை. அப்படியும் வேண்டாம் என்றார். நம் பிள்ளைகள் அதே பார்க்காமல் கொடுக்கும் பரிசுக்கு 400 ரூபாய் எதிர்க்கட்டணம் கட்டுகிறார்கள். அதனால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

இது நம் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்ததும் இல்லை. அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலத்திலிருந்து பொயட்ரி.காம் என்ற பெயரில் ஒரு நிறுவனம் வருடக்கணக்கில் இதையே நடத்தியது. சேர இலவசம் என்பார்கள். அனுப்பினவருக்கெல்லாம் 'நீங்கள் அரையிறுதிக்குத் தேர்வாகிவிட்டீர்கள்' என்று கடிதம் போகும். உங்கள் கவிதை வரும் கெட்டி அட்டைப் புத்தகத்தை ஐம்பது டாலர் அளவில் வாங்கச் சொல்வார்கள். சந்தேகப்பட்ட சிலர் வேண்டுமென்றே அர்த்தமே இல்லாத உளறலை எழுதி அனுப்பினார்கள். அதற்கும் பாராட்டுக் கடிதம் வந்தது. 'வெர்கிள் ஃப்ளாம்ப்' என்ற கேலிப் பெயரில் ஒருவர் அனுப்பிய உளறல் அப்படிப் பிரபலமாகி, அந்தப் பெயரிலேயே ஒரு நகைச்சுவைக் கவிதைப் போட்டி நடக்கிறது. அதற்குக் கட்டணம் கிடையாது, தேர்வும் ஒழுங்காக நடக்கிறது. ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: அங்கே ஒழுங்கான கவிதைப் போட்டிகள் பலவும் நுழைவுக் கட்டணம் வாங்குகின்றன. படித்துப் பார்க்க ஆட்கள் இருப்பார்கள், ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும் பரிசு. ஆகையால் கட்டணம் வாங்கினாலே மோசடி என்று நான் சொல்லவில்லை. கட்டணம் கட்டினவர் யாருமே தோற்காவிட்டால்தான் சந்தேகப்படச் சொல்கிறேன்.

இப்போது என்னை உண்மையிலேயே தூங்கவிடாமல் செய்த விஷயத்துக்கு வருகிறேன்.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு பெண். பெயரும் ஊரும் சொல்ல மாட்டேன், நீங்களும் கமெண்டில் ஊகிக்க வேண்டாம். இப்போது ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். சம்பளம் 9,000. நின்றுகொண்டே இருக்க வேண்டிய வேலை. இரவு வீட்டுக்கு வந்து எழுதுகிறாள். அவளுடைய அம்மா வீட்டில் தீப்பெட்டி ஒட்டியவர். அந்த அம்மா பசை காய்ந்த விரலோடு பிள்ளைக்குத் திருநீறு பூசிவிடுவதைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருந்தாள், பன்னிரண்டே வரி. நான் மூன்று முறை படித்தேன். பரிதாபத்தைக் கேட்டு வாங்கும் கவிதை இல்லை அது. நெற்றியில் சொரசொரப்பாகப் படுகிறதே, அந்த உணர்வை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. எங்கே நிறுத்த வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தானாக வந்திருக்கிறது.

அந்தக் கவிதையை இப்படி ஒரு போட்டிக்கு அனுப்பிவிட்டாள். தொகுப்பில் வந்தது. எப்படி வந்தது தெரியுமா? பக்கத்தில் இடம் போதவில்லை என்று பன்னிரண்டு வரியை எட்டு வரியாக மடக்கி, கடைசி வரிக்குப் பின்னால் மூன்று ஆச்சரியக்குறி போட்டு, மேலே ரோஜாப்பூப் படம் வைத்து. பக்கத்துப் பக்கத்தில் 'தாய்மையே தெய்வம்' என்று ஒருவர்.

பிறகு நான் சொல்லி ஒரு இலக்கிய இதழுக்கு அனுப்பினாள். அவர்கள் படித்துவிட்டு, நன்றாக இருக்கிறது, வேறெங்கும் வெளியாகவில்லையே என்று கேட்டிருக்கிறார்கள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, தொகுப்பில் வந்தது என்று சொல்லிவிட்டாள். வெளியானதை நாங்கள் போடுவதில்லை, வேறு கவிதை இருந்தால் அனுப்புங்கள் என்று பதில் வந்தது. நியாயமான பதில்தான். பெரும்பாலான இதழ்களில் அதுதான் வழக்கம்.

வேறு கவிதை அவளிடம் இல்லை. ஏன் இல்லை என்று கேளுங்கள். இரண்டு வருடத்தில் 17 போட்டிகளுக்கு எழுதியிருக்கிறாள். ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு தலைப்பு கொடுப்பார்கள்: மழலை, மகளிர் தினம், விடியல், விவசாயி, நட்பு, மறுபடி விடியல். பதினாறு வரிக்கு மிகாமல், இரண்டு நாளுக்குள். நேரமெல்லாம் இதற்கே போய்விட்டது. தீப்பெட்டிக் கவிதையை எந்தத் தலைப்பும் கேட்கவில்லை, அதனால்தான் அது கவிதையாக இருந்தது. அதற்குப் பின் எழுதியதெல்லாம் கேட்டதற்கு எழுதியது. நோட்டைப் புரட்டினேன். மாதத்துக்கு மாதம் அவள் கை கெட்டுக்கொண்டே வருவது தெரிகிறது. விடியல் கவிதையில் சூரியன் 'சிரிக்கிறான்'. அவள் முன்பு இப்படி எழுதமாட்டாள்.

செலவு கூட்டிப் பார்த்தோம். கட்டணம், கூடுதல் பிரதி, கூரியர், ஒரு விழாவுக்குப் போய்வந்த பஸ் செலவு எல்லாம் சேர்த்து 9,600 ரூபாய். ஒரு மாதச் சம்பளத்துக்கு மேலே. கையில் நான்கு கேடயம், போனில் 17 சான்றிதழ், 'கவிச்சுடர்' என்று ஒரு பட்டம். அச்சக மாணவனிடம் இதையும் கேட்டேன். 64 பக்கத்தில் நூறு பிரதி போட 8,000 ஆகும் என்றான். அதாவது இவள் இதே காசில் அட்டையில் தன் பெயர் மட்டும் போட்ட சொந்தப் புத்தகம் ஒன்று கொண்டுவந்திருக்கலாம், 1,600 ரூபாய் மிச்சமாகியிருக்கும்.

சொந்தக் காசில் புத்தகம் போடுவதை நான் கேவலமாக நினைக்கவில்லை. பாரதியாரே 1908இல் ஸ்வதேச கீதங்களைத் தானே வெளியிட்டார். 1920இல் தன் எழுத்தையெல்லாம் அச்சிட வேண்டும், மண்ணெண்ணெய் தீப்பெட்டி போல அவை வீடுதோறும் போக வேண்டும் என்று ஆசைப்பட்டு, பணம் கடனாகத் தாருங்கள், வட்டியோடு திருப்பித் தருகிறேன் என்று நண்பர்களுக்கெல்லாம் எழுதினார். பெரும்பாலும் யாரும் தரவில்லை, அது வேறு வேதனை. ஆனால் 'பாரதியே காசு போட்டுத்தானே அச்சடித்தார்' என்று குழுவில் எனக்குப் பதில் எழுதினவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாரதி அதைப் பரிசு என்று சொல்லிக்கொள்ளவில்லை. கடன் என்றால் கடன், அச்சு என்றால் அச்சு.

'ஐ.எஸ்.பி.என். எண்ணோடு கூடிய நூல்' என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்கிறார்கள். அதற்கென்று தனிக் கட்டணம் வாங்குகிறவர்களும் உண்டு. அது பதிமூன்று இலக்கம் கொண்ட ஒரு அடையாள எண், அவ்வளவுதான். ரேஷன் கார்டு எண் மாதிரி. உள்ளே இருப்பது நல்ல கவிதையா என்று யாரும் சோதித்துக் கொடுப்பதில்லை. நம் நாட்டில் ராஜா ராம்மோகன் ராய் பெயரில் உள்ள மத்திய அரசு முகமை அதை இலவசமாகவே தருகிறது. எழுதியவர் தன் நூலுக்குத் தானே விண்ணப்பித்து வாங்கலாம்.

இன்னொன்று, போட்டி விதிமுறைகளின் கடைசியில் பொடி எழுத்தில் 'படைப்பின் உரிமை முழுவதும் அமைப்பையே சாரும்' என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்து அந்தப் பெண் பயந்துபோயிருந்தாள், என் கவிதை இனி எனக்குச் சொந்தமில்லையா டீச்சர் என்று. 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டம், 19ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். எழுதியவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் உரிமையை எழுதி வாங்கியதாகச் சொல்ல முடியாது. ஒப்பந்தம் இருந்து காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து வருடம்தான் செல்லும். அவள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. ஆகவே கவிதை அவளுடையதுதான். நாளைக்கு அவள் சொந்தமாகத் தொகுப்புப் போடும்போது தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். இதழில் முதல்முதலாக வரும் வாய்ப்பு போனது போனதுதான்.

இனி எனக்கு வந்த பதில்களில் நியாயமானது ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ஒரு அம்மா எழுதியிருந்தார்: "இருபது வருஷம் அடுப்படியில் கிடந்தேன். இந்தக் குழுவில்தான் என்னைக் கவிஞர் என்று ஒருவர் கூப்பிட்டார். மேடை ஏறினேன். அதைப் பறிக்கப் பார்க்கிறீர்களா டீச்சர்?"

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அந்த அம்மா சொல்வது பொய்யில்லை. மைக் முன்னால் நிற்கும்போது கால் நடுங்குவதும், வீட்டுக்காரர் கூட்டத்தில் உட்கார்ந்து கைதட்டுவதும் சின்ன விஷயம் இல்லை. அதைத் தாராளமாக நடத்துங்கள். மாதம் ஒருமுறை ஒரு மண்டபத்தில் கூடுங்கள், வாசியுங்கள், டீ வடைக்கு ஆளுக்கு 50 ரூபாய் போடுங்கள். கவியரங்கம் என்று நமக்குப் பழைய பெயரே இருக்கிறது. நானும் வருகிறேன். ஆனால் அதற்கு ஏன் போட்டி என்று பெயர்? ஏன் பன்னிரண்டு முதல் பரிசு? அந்த அம்மாவின் கவிதையை அந்தக் குழுவில் யாராவது உட்கார்ந்து படித்து, இந்த மூன்றாவது வரி வேண்டாம் அம்மா, இல்லாமலே நன்றாக இருக்கிறது என்று சொன்னார்களா? கவிஞர் என்று கூப்பிடுவதைவிட அதுதான் பெரிய மரியாதை. அதற்கு நேரம் வேண்டும், பட்டம் அடிக்க நேரம் வேண்டாம்.

என் கொழுந்தனாரும் அப்படித்தான். போன வருடம் அவருக்கு ஒரு பட்டம் கொடுத்தார்கள், கேட்டால் அரசு விருது மாதிரியே இருக்கும். ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. தம்பி, உங்கள் மரபுக் கவிதைகளில் வெண்பா நன்றாக வரும். அதை நான் பத்து வருடமாகச் சொல்கிறேன். அந்தப் பட்டம் கொடுத்தவர்கள் உங்களிடம் வெண்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசினார்களா?

குற்றம் முழுவதும் இந்தக் கடைக்காரர்கள்மேல் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இதழ் நடத்துகிறவர்களும் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் தபால்தலை ஒட்டிய உறை வைத்து அனுப்பினால், பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம் என்று அச்சடித்த துண்டுச் சீட்டாவது திரும்பி வரும். எனக்கும் வந்திருக்கிறது, ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறேன். ஒருமுறை அந்தச் சீட்டின் ஓரத்தில் பச்சை மையில் 'உவமை அதிகம்' என்று இரண்டு சொல் எழுதியிருந்தார்கள். யார் எழுதினார் என்று தெரியாது. பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடம் படித்ததைவிட அந்த இரண்டு சொல்லில் அதிகம் கற்றேன். இப்போது மெயில் அனுப்பினால் கிணற்றில் கல் போட்ட மாதிரி. ஆறு மாதமானாலும் ஆம் இல்லை கிடையாது. தெரிந்தவர்களின் கவிதை மட்டும் அடுத்த மாதமே வருகிறது. பிள்ளைகள் வேறு எங்கேதான் போவார்கள்? காசு வாங்கினாலும் 'வாங்க கவிஞரே' என்று கூப்பிடுகிற கதவு திறந்திருக்கிறது, அங்கே போகிறார்கள்.

ஆனால் வழியே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' என்று ஒரு சின்னப் பத்திரிகை தொடங்கினார். கையில் பணம் கிடையாது. புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக விற்றுவந்த மனிதர். அந்தப் பத்திரிகைக்கு இலங்கை திருகோணமலையிலிருந்து இருபது வயதுப் பையன் ஒருவன் எழுதி அனுப்பினான். தருமு சிவராமு, பின்னாளில் பிரமிள். சென்னையில் அவனுக்கு என்ன சிபாரிசு இருந்திருக்கும்? எழுத்தைப் பார்த்தார், போட்டார். மூன்று வருடம் இப்படி வெளிவந்ததிலிருந்து பொறுக்கி 1962இல் 'புதுக்குரல்கள்' என்று தொகுப்புக் கொண்டுவந்தார். அதில் 24 கவிஞர்கள். மூன்று வருடத்துக்கு 24 பேர். நம் குழுவில் ஒரு மாதத்தில் 210. அந்த 24 பேரின் தொகுப்பைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒழுங்கான பரிசுகளும் இருக்கின்றன. தமிழ் வளர்ச்சித் துறை பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு மாவட்டந்தோறும் கவிதை, கட்டுரை, பேச்சுப் போட்டி நடத்துகிறது. முதல் பரிசு 10,000, இரண்டாவது 7,000, மூன்றாவது 5,000. கட்டணம் இல்லை. மற்றவர்கள் பரிசில்லாமல் வீட்டுக்கு வர வேண்டியதுதான். பேரப்பிள்ளைகளை அதற்கு அனுப்புங்கள். புத்தகம் போட்ட, 35 வயதைத் தாண்டாதவர்களுக்குச் சாகித்திய அகாதமி 2011 முதல் யுவ புரஸ்கார் தருகிறது, 50,000 ரூபாய். இலக்கியச் சிந்தனை அமைப்பு 1970 முதல் பத்திரிகைகளில் வந்த சிறுகதைகளைத் தானே தேடிப் படித்து மாதம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவந்தது. எழுதியவர் விண்ணப்பிக்கக்கூட வேண்டாம். கதைக்குத்தான் அது, கவிதைக்கு இல்லை, ஆனாலும் பரிசு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

புதிதாக ஒரு போட்டி அறிவிப்பு வந்தால் நடத்துகிறவர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். நடுவர் யார், அவர் எழுதிய புத்தகம் எது? போன வருடம் பரிசு பெற்ற கவிதையை எங்கே படிக்கலாம்? அனுப்பினவர்களில் எத்தனை பேருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை? இந்த மூன்றாவது கேள்விக்கு எண்ணிக்கையாகப் பதில் வந்தால் அனுப்புங்கள். 'எல்லாருமே வெற்றியாளர்கள்தான்' என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள்.

அச்சில் வர வேண்டும் என்ற அவசரம் எனக்குப் புரியாதது இல்லை. ஆனால் முதலில் நான்கு மாதம் நூலகத்துக்குப் போய்க் கணையாழி, காலச்சுவடு, செம்மலர், தாமரை எது கிடைக்கிறதோ அதை எடுத்துப் படியுங்கள். எந்த இதழ் எந்த மாதிரிக் கவிதையைப் போடுகிறது என்று தெரியாமல் அனுப்புவது, மாப்பிள்ளை வீடு எது என்று தெரியாமல் சீர்த்தட்டு தூக்கிக்கொண்டு தெருவில் நிற்கிற மாதிரி. பிறகு மூன்று கவிதை மட்டும் ஒரே இதழுக்கு அனுப்புங்கள். மூன்று மாதம் பொறுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த இதழ். அந்த மூன்று மாதத்தில் அடுத்த கவிதையை எழுதுங்கள், தலைப்பு இல்லாமல்.

அந்தப் பெண் இப்போது போட்டிக் குழுக்களிலிருந்து வெளியே வந்துவிட்டாள். ஒருவர் அவளுக்கு 'நன்றி மறந்தவள்' என்று மெசேஜ் போட்டிருக்கிறார். 9,600 கட்டினவள் நன்றி மறந்தவளாம். புதிதாக எழுதியது ஒன்றைப் போன வாரம் கொண்டுவந்தாள். ஜவுளிக்கடையில் மடித்து மடித்து வைக்கும் சேலைகளைப் பற்றி. கடைசி நான்கு வரி வேண்டாம் என்றேன். முகம் சுண்டிப்போனது. அடுத்த நாள் காலையில் போன் செய்து, "நாலு இல்ல டீச்சர், ஆறு வரி வேண்டாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குமேல் நான் வீட்டில்தான் இருப்பேன். எழுதுகிற பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், வெளியூரில் இருப்பவர்கள் தபாலில் அனுப்புங்கள். போனில் படிக்கக் கண் வலிக்கிறது, தாளில் எழுதி அனுப்புங்கள். நன்றாக இல்லையென்றால் சொல்லிவிடுவேன், காபி கொடுத்துவிட்டுத்தான் சொல்வேன். கொழுந்தனார் வெண்பா நோட்டோடு வரவும்.